டாப்சிலிப், வால்பாறை போகிறவர்கள் எங்கே, எப்போது, என்ன சாப்பிடுவது: முழு வழிகாட்டி

பொள்ளாச்சியில் குடியிருப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு ஒரு சம்பளமில்லாத வேலை வந்துவிடும். சென்னையிலிருந்து சித்தப்பா மகன், முன்பு கூட வேலை பார்த்தவர், அவருடைய மச்சினன் என்று ஆள் மாற்றி ஆள் போன் போட்டு, "டாப்சிலிப்புல ரூம் போட்டாச்சுங்க, அங்க நல்ல ஓட்டல் எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் ஓட்டல் தேர்ந்தெடுக்கிற நிலைமையே இல்லை, இருப்பதைச் சாப்பிடலாம் அல்லது கொண்டுபோனதைச் சாப்பிடலாம், அவ்வளவுதான். அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: எத்தனை மணிக்கு எந்தச் செக்போஸ்ட்டில் இருப்பீர்கள்? அதைச் சொன்னால் மூன்று வேளைச் சாப்பாட்டையும் நானே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு வருடமும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனதால் இந்த முறை முழுசாக எழுதிவிட்டேன்.

முதலில், எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள்?

காப்பகம் பெரிது, மூன்று பக்கமாக நுழையலாம். பொள்ளாச்சியிலிருந்து வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாகப் போனால் டாப்சிலிப், சுமார் 37 கிலோமீட்டர். கேரளத்தின் பரம்பிக்குளத்துக்கும் இதே சாலைதான், வேறு சாலை கிடையாது. ஆழியாறு வழியாகப் போனால் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை, அது 65 கிலோமீட்டர். மூன்றாவது உடுமலைப் பக்கம்: திருமூர்த்திமலை, அமராவதி அணை, அதற்கு மேல் சின்னாறு சாலை.

இந்த மூன்றுக்கும் சாப்பாட்டுக் கணக்கு வேறு வேறு. டாப்சிலிப்பில் சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. வால்பாறை ஒரு ஊர், கடைகள் உண்டு, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். உடுமலைப் பக்கம் சமவெளியிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஒரே பயணத்தில் டாப்சிலிப்பும் வால்பாறையும் வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க: வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், ஆனால் நீங்கள் கீழே இறங்கி வந்துதான் மறுபடி ஏற வேண்டும். மத்தியானச் சாப்பாடு அந்த இறக்கத்தில்தான் விழும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

காலை டிபன்: பொள்ளாச்சியிலேயே முடியுங்கள்

எந்த வாசலாக இருந்தாலும் காலைச் சாப்பாட்டைப் பொள்ளாச்சியில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பேருந்து நிலையத்தைச் சுற்றியும், கோவை ரோட்டிலும் ஆறு, ஆறரைக்கெல்லாம் இட்லி ஆவி பறக்கும். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், லோடு இறக்குகிறவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் எங்கே நின்று சாப்பிடுகிறார்களோ அங்கே போங்கள். சந்தை நாளில் கடைகள் இன்னும் முன்னாலேயே திறந்திருக்கும்.

வால்பாறை ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. என் தங்கை மகன் ஒருமுறை கீழே ஆசையாக நாலு பூரியும் ஒரு கிளாஸ் பாலும் குடித்துவிட்டு வந்தான், பதினாலாவது வளைவில் காரை நிறுத்தவே நேரமில்லாமல் போய்விட்டது, அன்றைக்கு மீதி இருபத்தாறு வளைவையும் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் ஏறினோம். இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பண்டம், பால், காபி மூன்றையும் தள்ளி வையுங்கள், ஒரு எலுமிச்சம்பழமும் இஞ்சி மிட்டாயும் கையில் இருக்கட்டும். பசித்தால் மேலே அட்டகட்டியில் டீக்கடை இருக்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டியவை: பழம் (பூவன் வேண்டாம், வெயிலில் கறுத்துவிடும், நேந்திரன் தாங்கும்), கடலை மிட்டாய், பிஸ்கட், குடிதண்ணீர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, காட்டுச் செக்போஸ்ட்டுகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் டப்பா, பெரிய தண்ணீர்க் கேன், மஞ்சப்பை. பாட்டில் சரக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கீழேயே மறந்துவிடுவது நல்லது, அங்கே அதையும்தான் தேடுகிறார்கள்.

இளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சி வந்துவிட்டு இளநீர் குடிக்காமல் போனவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் தண்ணிக்காய் கேட்கிறீர்களா, வழுக்கைக்காய் கேட்கிறீர்களா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்டிய பிறகு முகம் சுளித்தால் வெட்டுகிறவருக்குக் கோபம் வரும்.

டாப்சிலிப்: கட்டுச்சோறு கட்டுகிற கலை

அந்தக் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்து விட்ட இடம் என்பதால் வந்த பெயர் டாப்சிலிப். இன்றைக்கு அங்கே வரவேற்பு மையம், தங்கும் விடுதிகள், ஒரு புல்வெளி, அதில் மேயும் மான், காட்டுப்பன்றி, கூடவே ஒரு சின்னக் கேன்டீன். கேன்டீனில் அன்றைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தார்களோ அத்தனை பேருக்குத்தான். தங்குகிறவர்கள் அறை வாங்கியவுடன், பையைக் கூடக் கீழே வைக்காமல், இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர், சைவமா அசைவமா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எட்டு மணிக்குப் போய் நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், சமையல்காரரும் அதே காட்டுக்குள்தான் வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.

ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் கேன்டீனை நம்பவே வேண்டாம். காலையில் யானை முகாம், வேன் சவாரி என்று வரிசையில் நின்று முடித்துத் திரும்பும்போது இரண்டு மணி ஆகிவிடும், அதற்குள் சோறு தீர்ந்திருக்கும். கட்டுச்சோறுதான் வழி. கொங்கு நாட்டில் இது புதிதா என்ன, மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கட்டுச்சோத்து விருந்து என்று ஒரு சடங்கே வைத்திருக்கிறோம். ஆனால் காரில் நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்து கெடாமல் இருக்க வேண்டும் என்றால் சில விஷயம் உண்டு.

அரிசியும் பருப்பும் சாதம் எங்கள் வீட்டுத் தேர்வு. இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள், எல்லாம் வதக்கி ஒன்றாகக் குக்கரில் வைத்தால் அரைமணியில் ஆகிவிடும். வழக்கமாகத் தக்காளி போடுகிறவர்களும், தேங்காய் அரைத்துப் போடுகிறவர்களும் இந்த ஒரு நாள் அதை விட்டுவிடுங்கள், சீக்கிரம் ஊசிப்போவது தேங்காயால்தான். தண்ணீரைச் சற்றுக் குறைத்து உதிரியாக இறக்கி, தட்டில் பரப்பி ஆற வைத்து, அப்புறம்தான் டப்பாவில் போட வேண்டும். சூடாக மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரே சோற்றைக் கெடுத்துவிடும். தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும் போதும்.

தயிர்சாதம் என்றால் தயிர் ஊற்றிப் பிசையாதீர்கள். சோற்றைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே பாலை ஊற்றி மசித்து, ஆறினதும் ஒரே ஒரு கரண்டி தயிர். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது சரியான பதத்தில் உறைந்திருக்கும், புளிப்பே தெரியாது. புளிசாதம் நல்லெண்ணெயில் செய்தால் மறுநாள் வரைக்கும் நிற்கும், இரவு தங்குகிறவர்களுக்கு அது ஒரு காப்பீடு மாதிரி. வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் கிழியாது. ஆனால் சாப்பிட்ட இலையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், இலை மக்கிவிடும் என்று போட்டுவிட்டுப் போகிறவர்களால்தான் மான்கள் சாம்பார் வாசம் பிடித்துக்கொண்டு வண்டியருகில் நிற்கப் பழகியிருக்கின்றன.

பரம்பிக்குளம் போகிறவர்களும் இதே கணக்குதான். கோடையில் காட்டுத்தீ பயம் இருக்கும் சமயங்களில் டாப்சிலிப்பை மூடுவதும் உண்டு, அப்படி நடந்தால் கட்டின சோற்றை ஆழியாறு பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறோம்.

ஆழியாறு: மீன்

ஆழியாறு அணைக்குப் போகும் சாலையில் வரிசையாக மீன் கடைகள். மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்து, கேட்டதும் பொரித்துத் தருவார்கள். வால்பாறை ஏறும்போது சாப்பிடாதீர்கள் (மேலே சொன்ன பூரிக் கதையை நினைவில் வையுங்கள்), இறங்கும்போது சாப்பிடுங்கள்.

கடையில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது, எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பது. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் இருந்தால் எழுந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது. அடுத்தது, மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்வது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும். மசாலாவுக்குள் இருக்கும் மீன் நேற்றையதா இன்றையதா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எந்த மீன் என்றால், கூட்டத்தில் குழந்தைகளோ முள்ளெடுத்துப் பழக்கமில்லாதவர்களோ இருந்தால் ஜிலேபி. நடுமுள்ளைப் பிரித்துவிட்டால் சதை தனியாக வந்துவிடும். கட்லா, ரோகு இரண்டிலும் சதைக்குள்ளேயே கவை முள் இருக்கும், துண்டு பெரிதாகத் தெரிகிறதே என்று அதை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தொண்டையைத் தடவிக்கொண்டு உருண்டைச் சோறு விழுங்கவைத்த அனுபவம் எங்கள் வீட்டில் உண்டு. பெரியவர்களுக்குக் கட்லாவின் வயிற்றுத் துண்டு. விலையை முதலில் கேளுங்கள், துண்டுக்கா, எடைக்கா, முழு மீனுக்கா என்று சேர்த்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மேல் போனால் கூட்டம்தான், பதினொன்றரை மணி சரியான நேரம்.

வால்பாறை

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் மூன்றேகால் மணிக்கு வால்பாறைக் கடைவீதியில் பசியோடு இறங்கினோம். நுழைந்த முதல் ஓட்டலில் சோறு முடிந்தது, இரண்டாவதில் பிரியாணி முடிந்தது, மூன்றாவதில் "பரோட்டா அஞ்சு மணிக்குத்தாங்கண்ணா". கடைசியில் பேக்கரியில் ஆளுக்கு ஒரு முட்டை பப்ஸ். அங்கே எல்லாமே எஸ்டேட் தொழிலாளர்களின் நேரத்துக்கு ஓடுகிற கடைகள், நம்மை மாதிரி வந்துபோகிறவர்களுக்காக வைத்தவை அல்ல. மத்தியானச் சோறு பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள், இரவுச் சாப்பாடு எட்டுக்கு முன்னால். இதற்குள் வந்தால் நன்றாகவே சாப்பிடலாம்.

அங்கே என்ன கேட்கலாம்? கொங்குச் சமையலும் மலையாளச் சமையலும் கலந்த ஊர் அது, சோலையாறு அணையைத் தாண்டி மளுக்கப்பாறை வந்தால் கேரளம். அதனால் காலையில் புட்டும் கடலைக்கறியும் கிடைக்கும் கடைகள் உண்டு, மாலையில் பரோட்டாவும் பீப்பும் உண்டு, அதே தெருவில் சுத்த சைவ இட்லிக் கடையும் உண்டு. மழைக் காலத்தில், அதாவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, குளிர் எலும்பைத் தொடும். அப்போது மட்டன் பிரியாணியைவிட ரசமும் சுடுசோறும்தான் உடம்பு கேட்கும். டீயைப் பற்றி ஒரு ஏமாற்றம்: தேயிலைக்கு நடுவே இருக்கிறோமே என்று அமிர்தம் மாதிரி டீ எதிர்பார்க்காதீர்கள், கடை டீ எல்லா ஊரிலும் கடை டீதான். நல்ல தூள் வேண்டுமென்றால் எஸ்டேட் விற்பனைக் கடையில் வாங்கி வீட்டுக்கு வந்து போடுங்கள்.

சோலையாறு, நல்லமுடி, சின்னக்கல்லாறு என்று சுற்றுகிறவர்களுக்கு வழியில் டீயும் பன்னும் தவிர வேறு எதுவும் உறுதியில்லை. காலையில் கிளம்பும்போதே ஊரில் நாலு பொட்டலம் தக்காளிச் சோறோ லெமன் சோறோ பார்சல் கட்டிக்கொள்ளுங்கள், டப்பாவை நீட்டினால் டப்பாவிலேயே போட்டுத் தருவார்கள். மளுக்கப்பாறை தாண்டி வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி இறங்குகிறவர்கள் கட்டாயம் சாப்பிட்டுவிட்டே செக்போஸ்ட்டைத் தாண்டுங்கள், நடுவே நீளமான காட்டுப்பாதை, நிறுத்தி உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை.

இன்னொன்று, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு இ-பாஸ் வேண்டும். எடுக்காமல் வந்து ஆழியாற்றில் காத்துக்கிடந்தால் உங்கள் மத்தியானச் சாப்பாடுதான் முதலில் அடிபடும்.

தங்கும் வீட்டிலேயே சாப்பிடுவது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல சாப்பாடு இதுதான். சேத்துமடை, ஆனைமலை, கோட்டூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் தங்கவைக்கும் வீடுகள் நிறைய வந்துவிட்டன, சமைத்துத் தருவதும் பெரும்பாலும் அந்தத் தோட்டத்து அக்காதான். அவரிடம் "மெனு என்ன" என்று கேட்டால் சிக்கன் பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் என்று, நீங்கள் விரும்புவீர்கள் என்று அவர் நினைப்பதைச் சொல்வார். "உங்க வீட்டுல இன்னைக்கு என்னங்க்கா செய்றீங்க, அதையே எங்களுக்கும் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

அப்போது வருவதுதான் அசல்: பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப்பருப்பு, அந்தக் கொள்ளு வெந்த தண்ணீரில் வைத்த ரசம், கீரை, மோர். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது சும்மா சொன்னது, மலையடிவாரக் குளிருக்கு எல்லோருக்குமே கொள்ளு நல்லது. நாட்டுக்கோழி வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே சொல்ல வேண்டும். கோழியைப் பிடித்து, சுத்தம் செய்து, மல்லியும் சின்ன வெங்காயமும் வறுத்து அரைத்து, அது வேகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ரெடி என்று யாராவது சொன்னால் அது பிராய்லர். கொங்குக் கறிக்குழம்பு தண்ணியாகத்தான் இருக்கும், சோற்றில் ஓட வேண்டும், கெட்டியாக இல்லையே என்று குறை சொல்லாதீர்கள்.

பள்ளிபாளையம் சிக்கன் இன்று எல்லா ஓட்டலிலும் இருக்கிறது. ஈரோட்டுக்குப் பக்கத்து ஊரின் சரக்கு அது, ஆனைமலையின் சொத்தல்ல, ஆனாலும் ஒழுங்காகச் செய்தால் வெறும் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, எண்ணெய், அவ்வளவுதான், மசாலாப்பொடி சேராது. குழந்தைகளுக்கு என்றால் மிளகாய் விதையை உதிர்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். காலைக்குச் சந்தவை (இடியாப்பம் மாதிரிப் பிழிவது) கேட்டுப் பார்க்கலாம், தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி. ஆனால் பிழிகிற பாடு பெரிது, இரண்டு பேருக்காகச் செய்ய மாட்டார்கள், ஏழெட்டுப் பேராக வந்தால் கேளுங்கள்.

குரங்கும் யானையும்

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்தில் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற இனம், அதற்குப் போய் மிக்சர் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். சோற்றுக்குப் பழகிய குரங்கு சாலைக்கு இறங்கும், வண்டியில் அடிபட்டுச் சாகும். கொடுத்தால் அபராதமும் உண்டு. காருக்குள்ளும் சாப்பாட்டைக் கண்ணில் படுகிற மாதிரி வைக்காதீர்கள், குரங்கு அருவியில் ஜன்னல் வழியாகக் கை விட்டு எங்கள் பழப் பையை இழுத்துக்கொண்டு போன நாட்டுக்குரங்குக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

யானை வேறு மாதிரி. வால்பாறையில் ரேஷன் கடையையும் பள்ளிச் சத்துணவுக் கூடத்தையும் யானை உடைப்பது அரிசிக்காகத்தான், அந்த வாசனையை அது வெகு தூரத்திலிருந்து பிடிக்கும். எஸ்டேட் பங்களாவில் தங்கினால் அரிசி, பழம், உப்பு எதையும் வராந்தாவில் வைக்க வேண்டாம். யானை நடமாட்டம் இருந்தால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் பல இடங்களில் இருக்கின்றன, அது எரிந்தால் அன்றைக்குக் கடைத்தெரு போய்ச் சாப்பிடும் யோசனையை விட்டுவிட்டு, இருக்கிற பிஸ்கட்டோடு படுத்துவிடுங்கள். சிறுத்தை இருக்கிற ஊர் என்பதால் விளக்கு எரியாவிட்டாலும் இருட்டில் நடந்து போய்ச் சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம், அதுவும் குழந்தைகளோடு.

உடுமலைப் பக்கம், சுருக்கமாக

டிபனும் மத்தியானச் சோறும் உடுமலையில். திருமூர்த்திமலையில் அமாவாசைக்குக் கோயில் கூட்டம் சேரும், அன்றைக்குக் கடைகள் இருக்கும், மற்ற நாளில் பொரியும் சுண்டலும்தான். அமராவதி அணையிலும் மீன் கிடைக்கும், சோதிக்கிற முறை ஆழியாற்றில் சொன்னதேதான். ஒன்பதாறு (9/6) செக்போஸ்ட் தாண்டினால் சின்னாறு வழியாக மறையூர் போகும் வரை காடு, வண்டியை நிறுத்தாதீர்கள். மறையூரில் வெல்லம் வாங்குங்கள், உருண்டையாக, கையில் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்து.

திரும்பும் வழியில் பொள்ளாச்சி வந்ததும் எனக்குப் போன் போடுங்கள். ஒன்பது மணிக்குள் என்றால் வீட்டில் தோசை ஊற்றச் சொல்கிறேன், அதற்கு மேல் என்றால் நீங்களே பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.